கம்பளி நூல் இதயம்

சுண்டு பள்ளியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா கம்ப்யூட்டர்ல இதயம் செய்யறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்து இருக்கைக்காரி விடுவாளா? "அப்படியே ஒரு மூளையும் செய்யச் சொல்லு. உனக்கு உதவும்!"

சுண்டு என்பது பட்டப்பெயர். வகுப்பிலேயே சிறியவள், சுண்டுவிரல் அளவுதான் என்று யாரோ வைத்தது. வாய்க்கு அந்த அளவு பொருந்தாது.

அம்மா முழு இதயத்தையும் செய்யவில்லை. இதயத்தின் மேல் கிளை கிளையாகப் படர்ந்திருக்கும் ரத்தக் குழாய்களைத்தான் கணினியில் உருவாக்கித் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது. ஸ்கேன் படம் எடுக்கும்போது உடம்புக்குள் கொஞ்சம் கதிர் பாய்கிறது. அந்தக் கதிரைக் குறைத்தும் தெளிவான படம் எடுக்க முடியுமா என்று சோதிக்க வேண்டும். அதற்காக ஓர் ஆளைப் படுக்க வைத்து நூறு முறை படம் எடுக்க முடியுமா? அடிக்க வருவார். கணினி இதயத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். 'பசிக்கிறது' என்றுகூடச் சொல்லாது.

ஆனால் அது அசல் மாதிரி இருந்தால்தானே சோதனை செல்லும்? அதைப் பார்த்துச் சொல்ல ஓர் இதய டாக்டர் வருவார். அவருக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்த பெயர் கழுகுக்கண்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் சுண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது, கழுகுக்கண் டாக்டர் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மொத்தம் பத்துப் படங்கள். ஐந்து உண்மையான மனிதர்களுடையவை. ஐந்து அம்மாவின் கணினி செய்தவை. எது எது என்று அவர் சொல்ல வேண்டும்.

"இது அசல். இது போலி. போலி. அசல்."

சந்தையில் தக்காளியை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கூடையில் திரும்பப் போடுகிறவரைப் போல ஒவ்வொன்றையும் தள்ளினார். பத்துக்குப் பத்தும் சரி.

"எதை வச்சு போலின்னு சொல்றீங்க, டாக்டர்?" என்று கேட்டார் அம்மா.

"அதைச் சொல்லத் தெரியலையேம்மா! பார்த்தா பிடிக்கலை. அவ்வளவுதான்."

அம்மாவோடு வேலை செய்யும் கண்ணாடி அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். இது மூன்றாவது தோல்வி. வெள்ளிக்கிழமை கடைசி வாய்ப்பு. அதிலும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டால் மேலதிகாரி இந்த வேலையையே நிறுத்திவிடுவார். அம்மாவின் இரண்டு வருட உழைப்பு மூட்டை கட்டப்படும்.

சுண்டு திரையைப் பார்க்கவில்லை. டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், படம் அசையாம நிக்கறப்போ நீங்க தாடையைத் தடவிக்கிட்டே இருந்தீங்க. துடிக்க ஆரம்பிச்சதும் பட்டுன்னு சொல்லிட்டீங்க."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "அப்படியா? நான் தாடையைத் தடவினேனா?"

"பத்துத் தடவையும்."

"இவகிட்ட யாரும் பேரம் பேசிடாதீங்க!" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார் டாக்டர்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ வடிவம் சரி. துடிப்புலதான் ஏதோ கோளாறு. ஆனா என்ன கோளாறு?"

வீட்டில் அன்று மாலை அம்மா சர்க்கரை போடாமலே தேநீரைக் குடித்து முடித்தார். சுண்டுவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பெரிய பலூனை ஊதிக் கட்டினாள். சிவப்புக் கம்பளி நூலை நறுக்கி, அம்மாவின் திரையில் பார்த்த மாதிரியே கிளை கிளையாக ஒட்டினாள்.

"இந்தாம்மா. உன் இதயத்தை டாக்டர் வேண்டாம்னாலும், என் இதயத்தை நீ வச்சுக்கோ."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பலூன் அலமாரி மேல் ஏறியது.

காலையில் பார்த்தால் பலூன் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. முடிச்சு சரியில்லை போலிருக்கிறது.

"ஐயோ! நேரா ஒட்டின நூலெல்லாம் புழு மாதிரி நெளிஞ்சு போச்சு!" அழுகை வருகிற நேரத்தில் சுண்டுவின் கை அப்படியே நின்றது. "அம்மா, இங்க வாயேன். பலூன்தான் சின்னதாச்சு. நூல் குட்டையாகலை."

"ஆமா. நூல் எப்படிடா கண்ணு குட்டையாகும்? நெளியத்தானே செய்யும்."

"உன் இதயம் சுருங்கறப்போ குழாய் நெளியலையே? அதுவும் சேர்ந்து குட்டையாகுதே?"

அம்மாவின் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்தது. தலையைப் பாதி வாரியபடியே தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி! இதயம் சுருங்கறதுக்கு நாம என்ன பண்ணினோம்?"

"மொத்தப் படத்தையும் சின்னதாக்கி, திரும்பப் பெரிசாக்கினோம் அக்கா. அதானே சுலபம்" என்றார் கண்ணாடி அண்ணன்.

"அதான் தப்பு! குழாயோட நீளம் அவ்வளவு மாறக் கூடாது. இதயம் சுருங்கினா அது வளையணும், நெளியணும்!"

மறுமுனையில் கண்ணாடி அண்ணன், "இதை யார் கண்டுபிடிச்சது?" என்றார்.

"ஒரு ஓட்டைப் பலூன்" என்று கத்தினாள் சுண்டு.

இரண்டு நாள் ஆய்வுக்கூடத்தில் விசைப்பலகைகளுக்கு ஓய்வே இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். முதல் படம் அசையாமல் நின்றது. தாடையைத் தடவினார். படம் துடித்தது. அப்போதும் தடவினார். சுண்டு கண்ணாடி அண்ணனைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

"இது... அசல். இல்லை, இருங்க. போலி. ம்... அசல்னே எழுதிக்கோங்க."

ஒவ்வொரு படத்துக்கும் இதே தடுமாற்றம். ஏழாவது படத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து மேசையைத் தட்டினார்.

"மாட்டிச்சு! இது சந்தேகமே இல்லாத போலி. இவ்வளவு கோணல்மாணலா எந்த மனுஷனுக்கு இருக்கும்?"

கண்ணாடி அண்ணன் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்ய ஆரம்பித்தார். வார் சரியாகத்தான் இருந்தது.

பத்தும் முடிந்ததும் அம்மா விடைத்தாளைத் திறந்தார். "பத்துல அஞ்சு தப்பு, டாக்டர். கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாலும் இவ்வளவுதான் வரும். நாங்க ஜெயிச்சுட்டோம்."

"சரிம்மா, ஒத்துக்கறேன். வேலை தொடரட்டும், நானே மேல சொல்றேன். ஆனா அந்த ஏழாவது போலிதானே?"

அம்மா லேசாகத் தொண்டையைச் செருமினார். "அது... போன வருஷம் ஆராய்ச்சிக்காக நீங்களே குடுத்த ஸ்கேன். உங்க இதயம்தான், டாக்டர்."

கழுகுக்கண் டாக்டர் மெதுவாகக் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்தார்.

சுண்டு அக்கறையோடு கேட்டாள். "துடிக்குதா, டாக்டர்?"

"துடிக்குது."

"அப்போ அசல்தான்" என்றாள் சுண்டு.