தாண்டவராயனின் விதவை

திருவிடந்தைப் பெருமாளின் மாலை மட்டும் அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாமல் இருந்திருந்தால், வச்சலா வாயை மூடிக்கொண்டு செங்கல்பட்டு போய்ச் சேர்ந்திருப்பாள்.

ஐப்பசி மழை. ஜன்னல் படுதாக்களை எல்லாம் இறக்கிவிட்டும் பஸ்ஸுக்குள் சாரல் அடித்தது. அம்மா ஆதியம்மாளுக்கு எப்படியோ ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு கையில் கம்பியும் மறு கையில் காகிதப் பொட்டலமுமாக நின்றாள் வச்சலா. பொட்டலத்துக்குள் வஞ்சிரக் கருவாடு. ஆபீசுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அம்மாவின் கட்சி.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். ஊறியிருந்த காகிதம் கிழிந்தது. கருவாடு... நேராகக் கீழே உட்கார்ந்திருந்தவனின் மடியில், வாய் திறந்திருந்த மஞ்சள் பைக்குள் போய் இறங்கியது.

அவன் பதறிப்போய்க் கையை விட்டான். வெளியே வந்த கையில் ஒரு துண்டு கருவாடும், அதோடு சிக்கிக்கொண்டு ஒரு சம்பங்கி மாலையும் வந்தன.

“இது இன்னா தெரியுமா? திருவிடந்தைப் பெருமாள் மாலை. விடியக்காலைல ஒம்போது சுத்து சுத்திட்டு எடுத்துகினு வரேன். இதுமேல போய்க் கருவாட்ட...”

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. கல்யாணம் கூடிவராதவர்கள் அந்தக் கோயிலில் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றுவதும், கல்யாணம் ஆனபின் ஜோடியாகப் போய்க் காய்ந்த மாலையைத் திருப்பிச் சேர்ப்பதும் அந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வச்சலா மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் மாமல்லபுரத்துச் சங்குக் கடையில் நாள் முழுவதும் பேரம் பேசிப் பழகிய நாக்கு அது.

“பெருமாளு கடலோரத்துலதான கீறாரு? கருவாட்டு வாசனை அவுருக்குப் புதுசா இன்னா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். இமையில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணில் கோபம்தான்... ஆனால் உதடு, வந்த சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது. வச்சலா சட்டென்று படுதாவின் கிழிசல் வழியாக வெளியே பார்த்தாள். இத்தனை பெரிய கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு ஒம்போது சுத்து என்று ஒரு நினைப்பு, கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்டது.

பழைய பட்டாளத்தாரின் குடும்பங்களுக்கு உதவி செய்யும் ஆபீசை விசாரித்துக் கண்டுபிடித்து, வரிசையில் நின்று, மேசைக்கு முன்னால் போனதும் அவள் மிச்சக் கருவாட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் அதே கண்கள். நாற்காலியின் முதுகில் அதே மஞ்சள் பை. அவன் பெயர் வரதன், விதவைப் பென்ஷன் மனுக்களைப் பார்ப்பவனே அவன்தான்.

அவன் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெகு மரியாதையாக அம்மாவிடம் கேட்டான், வீட்டுக்காரர் பெயர் என்ன என்று.

ஆதியம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கட்டியவன் பெயரை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. அவன் கண்மூடி இரண்டு வருஷம் ஆகியும் சொன்னதில்லை.

“காத்தவராயன்,” என்றாள் வச்சலா. அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர் என்று அம்மா சொன்னதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா எண்ணெய்த் துணியில் பொதிந்து கொண்டுவந்திருந்த பட்டாளத்துக் காகிதத்தை வரதன் பிரித்தான். யுத்தத்தில் மூன்று வருஷம், பர்மா எல்லை. நெற்றி சுருங்கியது. “இதுல தாண்டவராயன்னு கீதே?”

“அது எங்க பெரியப்பா. அப்பாவோட அண்ணன். உசுரோட கீறாரு.”

“அப்ப உசுரோட கீற பெரியப்பாவுக்கு உங்கம்மா விதவையா?”

ஆதியம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூத்தார் எதிரே நிற்கக்கூட மாட்டாதவள் அவள். அவர் பெயரையும் சொல்ல மாட்டாள். முப்பது வருஷமாக இந்த முடிச்சு அவிழாமல் கிடந்ததற்கு அதுவே காரணம் என்பது பிறகுதான் விளங்கியது.

சுவரைப் பார்த்தபடியே அவள் சொல்லத் தொடங்கினாள். “இவுங்க, அவுங்க பேர்ல போனாங்க.” இவுங்க யார், அவுங்க யார் என்று வரதன் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கேட்டான். விஷயம் இதுதான். காத்தவராயனுக்கு அப்போது வயது பதினாறு. பட்டாளத்தில் எடுக்க மாட்டார்கள். அண்ணனின் பள்ளிக்கூடச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போய், அண்ணன் பெயரிலேயே சேர்ந்துவிட்டார். அண்ணன் தாண்டவராயனோ அந்த மூன்று வருஷமும் காக்கிநாடாவில் உப்பு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பட்டாளத்து மணியார்டர்கள் அவர்களுடைய மீனவர் குப்பத்துக்குத் தாண்டவராயன் பெயரில் வந்தன. யுத்தம் முடிந்து மெடலும் அதே பெயரில் வந்தது. குப்பமே கூடி நின்று பார்க்க, தபால்காரர் அதைத் தாண்டவராயனின் கையில் கொடுத்தார். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். தம்பி சிரித்தானாம். வச்சுக்க அண்ணாத்த, எனக்கு அந்தச் சத்தமே வேணாம் என்றானாம்.

பர்மாவில் கற்றதாகப் பெரியப்பா அடிக்கடி வீசும் பாஷை தெலுங்கு என்பது வச்சலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

வரதன் காகிதத்தை இன்னொரு முறை படித்தான். அங்க அடையாளம் என்ற இடத்தில், இடது சுண்டுவிரல் நுனி இல்லை என்று இருந்தது. அது அப்பாவேதான். சின்ன வயதில் தூண்டில் கயிறு அறுத்துக்கொண்டு போன விரல். ஆனாலும் தாண்டவராயன் என்று ஒருவர் உயிரோடு இருக்கிறாரே. அவர் நேரில் வந்து, பட்டாளத்துக்குப் போனது நான் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன் என்றான் வரதன்.

திரும்பும்போது அம்மா அந்த மிச்சக் கருவாட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

“என் பங்கு ஏற்கெனவே வந்து சேந்துச்சும்மா.”

வச்சலா வழியெல்லாம் முறைத்துக்கொண்டே வந்தாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை.

குப்பத்தில் தாண்டவராயனை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள். நிமிர்ந்த முதுகு, முறுக்கிய மீசை, எந்தப் பஞ்சாயத்திலும் முதல் சொல் அவருடையது. ஆகஸ்டு பதினைந்துக்கும் ஜனவரி இருபத்தாறுக்கும் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவது அவர். வச்சலா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. மெடலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்கப்பன் எனக்குக் குடுத்தது இது. குடுத்தத திருப்பிக் கேக்கறது நம்ம வூட்டுப் பழக்கம் இல்ல. உங்கம்மாளுக்கு நான் சோறு போடறேன். கவுருமெண்டு டப்பு வேணாம்.”

அம்மாவின் கண்ணில் புரை விழுந்துவிட்டது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. மூத்தார் வீட்டுச் சோற்றை, அவர் எதிரே வராமல் மறைந்து நின்று வாங்கித் தின்பதை வச்சலாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் விசாரணைக்கு வரதனே குப்பத்துக்கு வந்தான். பெரியப்பா மெடலோடு உட்கார்ந்து, குண்டுமழையில் லாரி ஓட்டிய கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னார். கதைக்கு நடுவே இரண்டு கையையும் விரித்து எதிரியின் வரிசையைக் காட்டினார். பத்து விரலும் முழுசாக இருந்தன. வாசல் மறைவில் நின்ற வச்சலா எட்டிப் பார்த்தாள். வரதன் விரல்களைப் பார்த்தான். பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, கதை நல்லா கீதுங்க என்று சொல்லிக் கும்பிட்டு எழுந்தான்.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவன் ஒதுங்கிய கூரை, வச்சலாவின் சங்குக் கடைக் கூரை. அவள் முந்தியே ஓடிவந்து அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதை அவன் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

“விரலப் பாத்தீங்க இல்ல... ஏன் எழுதல?”

“எழுதினா அவுரு பொய் சொன்னாருன்னு ஆவும். கேசு, கோர்ட்டுன்னு பேஜாரு. அந்த வயசுல அந்த முதுகு வளையறதப் பாக்கணுமா? எனக்குக் கை வரல.”

“உங்களுக்கு இன்னா வந்துச்சு? எங்க பெரியப்பாதான?”

கூரையிலிருந்து தண்ணீர் ஒரு திரைபோல இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்.

“மாலை காயட்டும்... சொல்றேன்.”

வச்சலா அடுக்கிவைத்திருந்த சங்குகளை மறுபடியும் முதலிலிருந்து அடுக்கினாள்.

போகும்போது ஒன்று எச்சரித்தான். மனு இருக்கிறபடியே போனால், ஆட்சேபணை கேட்டுப் பஞ்சாயத்து போர்டில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். காகிதத்தில் உள்ள பெயர்தான் நோட்டீஸிலும் வரும். காலஞ்சென்ற தாண்டவராயனின் விதவை ஆதியம்மாள் என்று. அது வேண்டாமென்றால் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

வச்சலா இரண்டு நாள் யோசித்தாள். பெரியப்பாவுக்கு வீட்டு மானம் பெரிது, மெடலும் பெரிது. எது அதிகம் பெரிது என்று அவரேதான் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், நோட்டீசை ஒட்டுங்கள் என்று கார்டு எழுதிப் போட்டாள்.

நோட்டீஸ் வந்த அன்று, பள்ளிக்கூட வாத்தியார் அதை உரக்கப் படித்தார். பாதியிலேயே அவர் குரல் தேய்ந்துவிட்டது. பெரியம்மா குப்பம்மா மீன் அரியும் கத்தியைக் கையில் வைத்தபடியே வந்து நின்றாள்.

“இன்னொரு தபா படி வாத்தியாரே. நான் குத்துக்கல்லாட்டம் கீறேன்... என் புருசனுக்கு எவ விதவை?”

குப்பம் சிரிக்கத் தொடங்கியது. குப்பம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். “நீ செத்துட்டியா, உசுரோட கீறியா? மொதல்ல அதச் சொல்லு.”

முப்பது வருஷத்தில் முதல் முறையாகப் பட்டாளத்தார் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஆதியம்மாளோ மூன்று நாள் வாசற்படி தாண்டவில்லை. அம்மாவின் பெயரை ஊர்ச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டோமே என்று, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள் வச்சலா.

விசாரணை நாளன்று அவளும் அம்மாவும் ஆபீசில் காத்திருந்தார்கள். அதிகாரி, மனுதாரர் தன் வாயால் சொன்னால்தான் ஏற்க முடியும் என்றார். வீட்டுக்காரர் பெயர் என்ன? தாண்டவராயன் என்பவர் யார்?

வரதன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வச்சலாவைப் பார்த்தான்.

ஆதியம்மாள் சுவரைப் பார்த்து நின்றாள். முந்தானை நுனி அவள் விரல்களில் கயிறாகிக்கொண்டிருந்தது. உதடு பிரிந்தது. “தா...”

“நிறுத்து.”

வாசலில் தாண்டவராயன். சலவைச் சட்டை, அதில் மெடல், பின்னால் வாழைப்பழச் சீப்போடு குப்பம்மா. அவர் அம்மாவைப் பார்க்காமல், மேசைக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்.

“எங்க வூட்டுப் பொம்பளைங்க மூத்தார் பேர சபையில சொல்ற வழக்கம் இல்ல. அவ சொல்ல வேணாம். நான் சொல்றேன், எழுதிக்க.”

வரதன் எழுதினான்.

“தாண்டவராயன் நான். சாவல. பட்டாளத்துக்கும் போவல. காக்கிநாடாவுல உப்பு மூட்ட தூக்கினேன். சண்டைக்குப் போனவன் என் தம்பி காத்தவராயன். பதினாறு வயசுப் புள்ள.” குரல் ஓர் இடத்தில் தடுக்கியது. முதுகு மட்டும் வளையவில்லை. “அவன் என் பேர எடுத்துகினு போனான். நான் அவன் பேர எடுத்துக்கினேன்.”

கையெழுத்துப் போட்டார். மெடலைக் கழற்றி, தம்பி மனைவிக்கு எட்டும் தூரத்தில் பெஞ்சின்மேல் வைத்தார். ஆதியம்மாள் சுவரிடம் சொன்னாள், அது இவுங்க குடுத்தது, அவுங்களே வச்சுக்கட்டும் என்று. அவரும் அதே சுவரிடம்தான் பதில் சொன்னார். வருகிற ஜனவரிக்குக் கொடியை அவள் ஏற்றட்டும், நேராக நிற்பது எப்படி என்று ஊருக்கு நான் காட்டுகிறேன்.

பிறகு வரதனை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்குப் பத்து விரலையும் எண்ணிட்டு எழுதாம போனியே. ஏன் தம்பி?”

வரதனின் காது சிவந்தது. பெரியப்பா அவனைப் பார்த்தார், தலை குனிந்திருந்த வச்சலாவைப் பார்த்தார். எந்த ஊர், யார் மகன் என்று கேட்டார். திருவிடந்தை, கட்டுமரக்காரர் பக்தவச்சலத்தின் மகன் என்று பதில் வந்தது.

“உங்கப்பன ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அவுரு வாயால பொண்ணு கேக்கணும். முறைன்னு ஒண்ணு கீது.” சொல்லிவிட்டுக் குப்பம்மாவையும் தம்பி மனைவியையும் வெளியே அழைத்துக்கொண்டு போனார். அம்மா பத்தடி பின்னால் போனாள். போகும்போது மகளின் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுப் போனாள்.

பென்ஷன் மனுவை ஏற்றுக்கொண்டு அதிகாரியும் தன் அறைக்குப் போய்விட்டார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. வரதன் மேசை இழுப்பறையைத் திறந்து, மஞ்சள் பையை எடுத்தான். சம்பங்கி சருகாகியிருந்தது.

“காஞ்சுடுச்சு,” என்றான்.

“ம்...”

“இத்த திருப்பிக் கொண்டுபோய்ச் சேக்கணும். தனியாப் போனா பெருமாளு வாங்க மாட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினான். “அன்னிக்கு பஸ்ஸுல நீ வாயத் தொறந்தப்பவே... ஒம்போது சுத்துக்கு அவுரு பதில் அனுப்பிட்டாருன்னு தோணிடுச்சு வச்சலா. எனக்கு வேற யாரும் வேணாம்.”

வச்சலா பையை வாங்கினாள். முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சம்பங்கி வாசனை எப்போதோ போய்விட்டிருந்தது. கண்ணில் நிறைந்ததை மறைக்க அவள் பைக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்.

“கருவாட்டு வாசனை இன்னும் போவல... பெருமாளுக்கு நான்தான் வந்து பதில் சொல்லணும்.”