கையெழுத்துப் பொருந்தவில்லை!

காலை ஏழு பத்துக்கு பவதாரிணியின் செல்போன் அலறியது.

"பவா... ஓடியா தாயி! நம்ம வீரணனை எவனோ அடிச்சுக் கொன்னு போட்டுட்டான்!"

மறுமுனையில் ராஜபாண்டி. கோரிப்பாளையத்துக்கு வடக்கே இருக்கும் மாயாண்டி நகரின் குடியிருப்போர் சங்கத் தலைவர்.

பவதாரிணி காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினாள்.

சங்கச் செயலாளர் வீரணன் தன் வீட்டு முன்னறையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அம்மிக்குழவி. அதில் அப்பியிருந்தது மிளகாய்ச் சாந்து இல்லை...

ரத்தம்!

"அண்ணே...!"

பவதாரிணி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். சுவரோரம் ராஜபாண்டி துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிணத்தருகே குனிந்திருந்த இன்ஸ்பெக்டர் முத்துமீனா நிமிர்ந்தாள்.

"இவருக்கு எதிரி யாராச்சும் உண்டாம்மா?"

"கொஞ்சம் வாய் நீளம் மேடம். மத்தபடி ஈ, எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டாரு."

"ஈயும் எறும்பும் குழவியத் தூக்காது. வீட்டுல எதுவும் காணமா, நல்லாப் பாரு."

பவதாரிணி சுற்றிலும் பார்த்தாள். மேஜை வெறிச்சென்று கிடந்தது.

"பச்சை ஃபைலு! கிணத்து ஃபைலைக் காணோம் மேடம்!"

மாயாண்டி நகரின் நடுவில் ஒரு பாழுங்கிணறு. பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டிக் கொட்டியே தூர்ந்துபோனது. அதைத் தூர்வாரி, சுற்றிலும் ஒரு பூங்கா போட வேண்டும் என்பது வீரணனின் வெறி. செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை மாநகராட்சி கொடுக்கும். மூன்று வருஷத்தில் மூன்று மனு. ஒன்றுக்கும் பதில் இல்லை. நான்காவதை பவதாரிணி தன்னுடைய ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆன்லைனில் போட்டுவிட்டாள்.

"நேத்து டீக்கடையில, 'சாங்ஷன் ஆயிருச்சு, திங்கக்கிழமை தூர் வாருறாங்க'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னாரு மேடம்."

"ஆயிருச்சா?"

இறந்தவரின் மானம் போகாதபடி பவதாரிணி இன்ஸ்பெக்டரின் காதில் கிசுகிசுத்தாள். "எங்கிட்டு? இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு. இலை போடுறதுக்கு முன்னாடியே ஏப்பம் விடுற ஆளு எங்க அண்ணன்."

சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அந்த மனுவோட காப்பி இருக்கா?"

"கடையில இருக்கு. பிரிண்ட் எடுத்துட்டு வாரேன்."

துண்டுக்குள்ளிருந்து ராஜபாண்டியின் கண்கள் மட்டும் மெல்ல நிமிர்ந்தன.

*

இரண்டு தெரு தள்ளித்தான் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மேஜையில் பேப்பர் வெட்டும் பெரிய இரும்புக் கட்டர். ஒரே அழுத்தில் ஐம்பது தாளை நறுக்கும்.

பவதாரிணி உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிஷம் ராஜபாண்டியும் வந்தார்.

"தனியா விட மனசு வரல. துணைக்கு வந்தேன் தாயி."

"உக்காருங்க மாமா."

செல்போனைக் கட்டருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு அவள் மனுவைத் திறந்தாள். பிரிண்டர் தாளைத் துப்பியது. கடைசிப் பக்கத்தைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள். சங்கத்துத் தீர்மானங்களை மாசாமாசம் ஜெராக்ஸ் போடுகிறவள் அவள்தான். தலைவர் கையெழுத்து அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். மனுவை ஏற்றிய அவசரத்தில் இதைக் கவனிக்கவில்லை.

"என்ன மாமா இது, கோழி கிளறுன மாதிரி இருக்கு? உங்க கையெழுத்து இப்படி இருக்காதே! இதைப் பாத்தா மனுவைத் திருப்பி அனுப்புவாங்களே!"

கர்ர்ர்ர்... தடால்!

ஷட்டர் கீழே இறங்கியிருந்தது.

"திருப்பி அனுப்பணும்னுதான் அப்படிப் போட்டேன். அப்படியும் சாங்ஷன் ஆயிருச்சு!" ராஜபாண்டியின் குரலில் அழுகை போன இடம் தெரியவில்லை. "முதல் மூணு மனுவையும் நேர்ல குடுத்துட்டு வாரேன்னு நான்தானே வாங்கிட்டுப் போனேன்? மூணையும் பாலத்து மேல நின்னு வைகையில வீசுனேன். நீ ஆன்லைன்ல போட்டுத் தொலைச்ச!"

அவள் கையிலிருந்த மனு மேஜையில் விழுந்தது.

"அப்ப... வீரணண்ணனை...?"

"வேணாம்டா, வாபஸ் வாங்குடான்னு காலைல போய்க் கெஞ்சுனேன். திங்கக்கிழமை மெஷின் வருதுன்னு இளிக்கிறான். கைக்குக் குழவி சிக்குச்சு. ஃபைலையும் நான்தான் எடுத்தேன்."

"கிணத்துல என்ன மாமா இருக்கு?"

"உன் அத்தை."

இருளாயி அத்தை! பள்ளிக்கூடம் போகும் பவதாரிணிக்குத் தினமும் தலை பின்னிவிட்ட இருளாயி அத்தை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி எவனோடோ ஓடிவிட்டாள் என்று இந்த ஆள் தெருவெல்லாம் அழுதான். தெருவே அவளைக் காறித் துப்பியது.

"அடப்பாவி! நீ மனுஷனாய்யா?"

ராஜபாண்டி பாய்ந்தார். துண்டு அவள் கழுத்தில் விழுந்து இறுகியது. மேஜையில் அவள் முகம் மோதி, உதடு கிழிந்தது. கால்கள் உதறின. கண்கள் பிதுங்கின. போச்சு... எல்லாம் போச்சு...!

டிங்!

செல்போன் வெளிச்சம் போட்டது. மேலே மாநகராட்சியின் பெயர்!

ராஜபாண்டி இடது கையில் துண்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கட்டர் பலகையில் ஊன்றி, எட்டிப் படித்தார்.

'தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: சங்கத் தலைவரின் கையெழுத்துப் பொருந்தவில்லை.'

"என்னது... அப்ப சாங்ஷன் ஆகலையா? வீரணன் சொன்னானே...!"

"அண்ணன்... சும்மா... பீத்துனாரு..."

சும்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒரு கொலை! ராஜபாண்டியின் பிடி ஒரு நொடி தளர்ந்தது.

பவதாரிணிக்கு அந்த ஒரு நொடி போதும். கட்டரின் கைப்பிடியைப் பற்றி, உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு அழுத்தினாள்.

நறுக்க்!

"ஆஆஆ...!"

பிரிண்ட் எடுத்த மனுவின் மேல் மூன்று விரல்கள் உருண்டன. ரத்தம் பீறிட்டு ஜெராக்ஸ் மெஷினை நனைத்தது. வெறி பிடித்து இடது கையை ஓங்கிக்கொண்டு வந்தவரின் தாடையில், தாளில் துளை போடும் இரும்பு மெஷினால் ஓங்கி அடித்தாள். இரண்டு பல் தெறித்தது. மறுபடி அடித்தாள்.

"இது அண்ணனுக்கு!"

இன்னொன்று.

"இது எங்க அத்தைக்கு!"

அலறல் கேட்டு ஓடிவந்த போலீஸ் ஷட்டரைத் தூக்கியபோது, தலைவர் மேஜைக்கு அடியில் கிடந்தார்.

*

பத்து மணிக்கெல்லாம் கிணற்றடியில் ஜேசிபி வந்து நின்றது. பின்னாலேயே கிரேன். அதற்கும் பின்னால் மொத்த மாயாண்டி நகரும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அடி மண்ணிலிருந்து எலும்புகள் வந்தன. கூடவே ஒரு ஜோடி வெள்ளி மெட்டி.

பவதாரிணி வாய்விட்டு அழுதாள்.

"அத்தை எங்கயும் ஓடல மேடம்... இம்புட்டு வருஷமும் தெருவுக்குள்ளேயேதான் இருந்திருக்கு..."

காறித் துப்பிய தெரு தலை குனிந்து நின்றது. நிற்கட்டும்.

முத்துமீனா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். அடிவரை சுத்தம். ஒரு மூலையில் ஊற்றுத் தண்ணீர்கூடக் கசிந்தது.

"மூணு வருஷமா நீங்க கேட்ட தூர்வாருற வேலை ஒரே நாள்ல முடிஞ்சிருச்சேம்மா!"

பவதாரிணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முடியாம என்ன மேடம்? மக்கள் பங்கா எங்க தலைவர் மூணு விரலைக் கட்டிட்டாருல்ல!"