அம்மன் கொடுக்காத பூ

பீன்யா கார்மெண்ட்ஸ் கம்பெனியிலிருந்து பிரபா வீடு வந்து சேர்ந்தபோது அம்மாவின் தலை ஏற்கனவே பின்னியிருந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. சந்திரம்மாவுக்கு வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க வராது. ஆஸ்பத்திரித் தரைகளைத் துடைத்துத் துடைத்தே இறுகிப்போன தோள். தினமும் சாயங்காலம் மகள் வந்து எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிவிட வேண்டும். அதுவரை முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கோ பின்னல் இறுக்கமாக, ஒரு மயிர் பிசிறில்லாமல் முதுகில் கிடந்தது.

“யாரும்மா பின்னிவிட்டது?”

“இன்னாடி கேள்வி? நீதானே பின்னினே. கடைக்குப் போய்ட்டு வரேன்னு போனே, இப்பத்தான் வர்றே.”

சொல்லிவிட்டு அம்மா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். பிரபா பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. தேங்காயெண்ணெய் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை. பகல் முழுக்கச் சட்டைக் காலர் தைத்த களைப்பு. அம்மாவுக்கும் சர்க்கரை ஏறி இறங்கினால் பேச்சு தடம் மாறும். பக்கத்து வீட்டு யாராவது பின்னிவிட்டிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குக்கரை அடுப்பில் ஏற்றினாள்.

ஆனால் அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பூவின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

போன வருஷம் பிளஸ் டூ முடிந்ததும் மங்களூரில் நர்சிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டலும் உண்டு. அப்பா இல்லாத வீடு. அவள் போனால் அம்மாவுக்கு ஊசி போடக்கூட ஆளில்லை. போவதா, இருப்பதா? தாயும் மகளும் ஒருவருக்கொருவர் “உன் இஷ்டம்” “உன் இஷ்டம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மர்பி டவுன் அம்மன் கோயிலில் பூக் கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மங்களூருக்கு. இன்னொன்றில் சிவப்பு, வீட்டுக்கு. சாமி கும்பிட வந்த ஒரு குழந்தை குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் சிவப்பு. அம்மாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி! அதைப் பார்த்ததும் பிரபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது அம்மன் வேண்டாமென்று ஒதுக்கியது. அப்படியே வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். போடுகிறேன் என்று வாங்கிப்போனவள் போடவில்லை. துப்பட்டாவில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தாள். வாடாமல் இருந்தது அந்த வெள்ளைப் பூ. என்ன வீம்போ, எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்து, “நான் போறேன்” என்றாள். பிறகு அழுதாள். மறுவாரமே பீன்யாவில் வேலைக்குச் சேர்ந்தாள்.

பின்னலுக்கு அப்புறம் சில நாட்கள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவள் இன்சுலின் ஊசியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“அய்யோ, எத்தினி வாட்டி போடுவே? இப்பத்தானே போட்டே. இன்னிக்கு ஊசி குத்தினதே தெரியல பிரபா. எங்கேடி கத்துகினே?”

பிரபா அம்மாவின் சேலையை விலக்கிப் பார்த்தாள். அம்மாவின் வயிற்றில் புதிதாய் ஒரு சின்னப் புள்ளி. குப்பைக்கூடையில் ஈரம் காயாத பஞ்சு. யார் போட்டது, எவ்வளவு போட்டது? மேலே ஒரு ஊசி போட்டிருந்தால் அம்மா என்ன ஆகியிருப்பாள்? அன்றிரவு பூராவும் அவள் விளக்கை அணைக்காமல், அம்மாவின் நெற்றி வேர்க்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சுகமாகக் குறட்டை விட்டாள்.

காலையில் எதிர்வீட்டு தியோடர் அங்கிள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா பிரபா, மத்தியானத்துல ஒயிட் யூனிஃபார்ம்ல வர்றே, போறே? நம்ம கார்மெண்ட்ஸ விட்டுட்டு ஆஸ்பத்திரியில சேந்துட்டியா? நல்லதும்மா. ஆனா ஒரு விஷ் கூட பண்ண மாட்டேங்கிறியே, ஏன்?”

பிரபா சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டதுதான் மிச்சம். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் லீவு போட்டால் சூப்பர்வைசர் வீணா மறுநாள் உள்ளே விடமாட்டாள். அம்மாவிடம், “யார் வந்தாலும் கதவைத் திறக்காதே, நான் வந்தாலும் திறக்காதே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை மேல் மழை, கீழே வரிசை வரிசையாக மெஷின்கள். பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. பிரபாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழிவறைப் பக்கம் ஒதுங்கி அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

“அம்மா?”

“அம்மா தூங்கறாங்க,” என்றது அவளுடைய குரல்.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது வேறு யாரோ அவளை மாதிரி பேசிக்காட்டும் குரல் இல்லை. மூக்கடைத்த அவளுடைய குரலேதான்.

“யார் நீ?”

“தெரியாத மாதிரி கேக்காதே. போறேன்னு சொல்லிட்டு நீதானே என்னை அனுப்பினே.” அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. “நான் மங்களூர்ல நல்லாத்தான் படிச்சேன். வீட்டுல என்னோட அம்மா சர்க்கரை இறங்கி விழுந்துட்டாங்க. எனக்குப் போன் பண்ணியிருக்காங்க, பண்ணியிருக்காங்க... நான் வார்டுல இருந்தேன், எடுக்கல. நான் வந்து பாக்கறதுக்குள்ள...” விசும்பல். பிறகு அது நின்றது. “உனக்கு அம்மா இருக்காங்க. ஆனா உனக்குப் போகணும். தினமும் பஸ்ல உக்காந்துகினு அதையேதான் நெனைக்கறே. எனக்குத் தெரியாதா?”

“அம்மாவைத் தொடாதே.”

“தொடாம எப்படி? நல்லாப் பாத்துக்குவேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு பிரபா. உனக்குப் போகணுமா, வேணாமா?”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஹாஸ்டல் ஜன்னல் ஒன்றும், வெள்ளைத் தொப்பியும், பார்த்தேயிராத மங்களூர்க் கடலும் கண் முன்னால் வந்து நின்றன. பாழாய்ப்போன மனசு! ஒரு மூச்சு நேரம் அவள் பேசவில்லை.

“சரி,” என்றது குரல். போன் வைக்கப்பட்டது.

யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினாள். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான அல்சூர் வரும்வரை உட்காரவில்லை. கண்ணாடிக்கு வெளியே மழையில் ஊர் சாம்பலாகக் கலங்கிக் கிடந்தது. பெட்டிக்குள் எங்கிருந்தோ ஸ்பிரிட் வாசனை. யாரிடமிருந்து வருகிறது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு தன் கையை முகர்ந்தாள். கையைச் சட்டென்று கீழே போட்டுவிட்டாள்.

தெருமுனையில் மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் ஆட்கள். தியோடர் அங்கிள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் அவர் கண் கலங்கியது.

“இப்பத்தான் வர்றியாம்மா? எத்தனை தடவை போன் பண்ணோம் ஹாஸ்டலுக்கு... ஸ்மெல் வந்தப்புறம்தாம்மா கதவை உடைச்சோம்.”

“அங்கிள், காலையில பேசினோமே. நீங்க செடிக்குத் தண்ணி...”

அவர் பரிதாபமாகப் பார்த்தார். பார்வை அவள் உடையின் மேல் போனது. பிரபா குனிந்தாள். வெள்ளை. கணுக்கால்வரை சேறு தெறித்த வெள்ளை யூனிஃபார்ம். கழுத்தில் அவளுடைய போட்டோவோடு காலேஜ் கார்டு.

வழி விட்டார்கள்.

உள்ளே இருட்டு. வாடை அவள் தொண்டைக்குள் இறங்கியது. ஈக்கள். கட்டிலில் போர்வை மூடியிருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும். ஊதிப்போன கை. அதில் போன்.

காலையில் டிபன் கட்டிக் கொடுத்த கை.

இல்லை. இது அவள் அம்மா இல்லை. அவள் அம்மா உயிரோடு இருக்கிறாள். எங்கேயோ, இதே வீட்டில். பிரபா அம்மாவின் நம்பரை அழுத்தினாள். கட்டிலில் கிடந்த போன் அசையவில்லை. ஆனால் காதில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

“அலோ, யாரும்மா?”

அம்மா! பின்னால் டி.வி. சத்தம். யாரோ வெங்காயம் நறுக்கும் சத்தம்.

“அம்மா, நான்தாம்மா. பிரபா.”

“ராங் நம்பர்மா. எம்பொண்ணு தோ, இங்கதான் இருக்கா.” போனை விலக்கி அம்மா சொல்வது கேட்டது: “யாரு பெத்த பொண்ணோ, பாவம், அழுவுதுடி.”

“வெச்சுடும்மா,” என்றது அவளுடைய குரல்.

அறுந்தது. மறுபடி அழுத்தினாள். அப்படி ஒரு எண் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார்கள். வெளியே பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. யாரோ வெளியிலிருந்து கதவை மெல்லச் சாத்தினார்கள், மகள் தனியாக அழட்டும் என்று.

அவள் கையில் போன் அடித்தது.

திரையில் ‘அம்மா’.

மூச்சு திரும்பியது. எடுத்துக் காதில் வைத்தாள். “அம்மா? அம்மா?” ஒன்றுமில்லை. ஈக்களின் ரீங்காரம் மட்டும். காதிலும். அறையிலும்.

வைத்தாள். உடனே மறுபடி அடித்தது.

பிரபா மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பினாள். போன் வெளிச்சத்தில் அந்த ஊதிய கை நீலமாகத் தெரிந்தது. கட்டைவிரல் திரையிலிருந்து விலகியது. ஒரு கணம் நின்றது. மகள் இந்தத் தடவையாவது எடுக்கிறாளா என்று பார்க்க, மறுபடி அழுத்தியது.