வலி நேரம்: செவ்வாய் மூன்று மணி

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்:
பரமகுரு, மண்டல மேலாளர்.
டாக்டர் ஹெலன் ஜாஸ்மின், பணியாளர் நல மருத்துவர்.
சொரிமுத்து, வாயிற்காவலர், சாட்சி.
பிரம்மசக்தி, கண்காணிப்பாளர், குற்றம் சாட்டப்பட்டவர்.
சங்கச் செயலாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டேகால். வீட்டிலிருக்கும் நோயாளிகளைத் திரைகளில் கண்காணிக்கும் திருநெல்வேலி தொலைநோயாளர் மையத்தின் மேல்மாடி.

"வாந்தி எடுக்க ஏழு நிமிஷமாம்மா?" என்றார் பரமகுரு.

"அதுல பாதி நேரம் கதவு எங்க இருக்குன்னு தேடுனேன் சார். பாதி கண்ணு தெரியல."

கடந்த வியாழக்கிழமை பிரம்மசக்தி இருக்கையை விட்டு எழுந்துபோன ஏழு நிமிடங்களில் மேலப்பாளையத்தில் ஒருவருக்கு மூச்சு திணறியது. திரையில் சிவப்பு எரிந்தது. பொத்தானை அழுத்தி வண்டி அனுப்ப ஆள் இல்லை. அவர் பிழைத்துவிட்டார். மகன் புகார் கொடுத்துவிட்டான்.

"ஒத்தத் தலைவலிங்கிறீங்க. வியாழக்கிழமை உங்களுக்கு வலி கிடையாதே." பரமகுரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "வலி நேரம், செவ்வாய், மூணுலேந்து நாலரை. உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

வலிதள்ளி என்ற கருவி வந்து எட்டு வருடங்கள் ஆகின்றன. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெள்ளை வில்லை. ஒற்றைத் தலைவலி தொடங்கும்போது மூளையின் பின்பகுதியிலிருந்து மெதுவாக ஓர் அலை பரவும். வில்லை அதைப் பிடித்து நிறுத்திவைக்கும். வாரத்தில் ஒருமுறை, நாம் குறித்துக்கொடுத்த நேரத்தில் அவிழ்த்துவிடும். வலியைக் குறைக்காது. தள்ளிவைக்கும், அவ்வளவுதான். மனிதர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஒற்றைத் தலைவலி இல்லாதவரே அரிது. எந்த நேரம் வேண்டும் என்று கேட்டபோது ஊரே ஒரே பதிலை எழுதியது. செவ்வாய்க்கிழமை ராகு காலம். ஏற்கெனவே கெட்ட நேரம். கெடுவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. டாக்டர் ஹெலன் ராகு காலம் பார்க்கிற குடும்பமில்லை. அவரும் அதையே எழுதினார். அந்த ஒன்றரை மணி நேரம் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்பதால். மூன்று மணிக்குக் கடைகள் சாத்தப்படும். பேருந்துகள் நிற்கும். அலுவலகங்களில் இருட்டறைகள் நிரம்பும். நாலரைக்கு எல்லோரும் முகம் கழுவிவிட்டு வெளியே வருவார்கள்.

"என் வலிய வில்லை பிடிக்காது சார். மூணு தடவ மாத்திப் பார்த்தாச்சு. வலி அது இஷ்டத்துக்குத்தான் வருது."

"அப்புறம் ஏன் செவ்வாய்னு போட்டீங்க?"

"வெறுமனே விட்டா படிவத்த வாங்க மாட்டேங்காங்க. எல்லாரும் போட்டத நானும் போட்டேன்."

பரமகுரு டாக்டரைப் பார்த்தார்.

"நூத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படி உண்டு," என்றார் டாக்டர். "வில்லைக்குப் பிடிபடாதவங்க. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல."

"கட்டம் இல்லன்னா நான் என்ன எழுதட்டும் டாக்டர்? பொய்யின்னு எழுதவா, நோயின்னு எழுதவா?"

பிரம்மசக்தி தனக்கு வேண்டியதை நேற்றே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"வேலைய விட்டு எடுக்காதீங்க சார். எப்ப வருதோ அப்ப கீழ இருட்டறையில படுக்க விடுங்க. அது போதும்."

"இருட்டறை முன்பதிவு செஞ்சவங்களுக்குத்தாம்மா."

"எங்க வீடு தகரக் கூரை. ஜன்னல்ல சாக்கு கட்டியும் வெளிச்சம் வருது. எதிர்த்தாப்புல வெல்டிங் பட்டறை. மாத்திர போடலாம்னா எந்தக் கடையிலயும் இல்ல. யாரும் வாங்கலன்னு செய்யறத நிறுத்திட்டாங்களாம். படுக்க வேற எடம் இல்ல சார்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பல இடங்களில் சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள்.

டாக்டர் ஹெலன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே முக்கால். "பரமகுரு சார், அன்வர் போன பிறகு இன்னைக்கு மூணு மணிக்கு யார் உட்காருறா?"

பரமகுருவின் கை படிவத்தின் மேல் அப்படியே நின்றது. அன்வருக்குப் பிறவியிலிருந்தே தலைவலி வந்ததில்லை. செவ்வாய் மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளின் மூச்சையும் துடிப்பையும் அவன் ஒருவனே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவர்களுக்கு எல்லா ஊரிலும் இரட்டைச் சம்பளம். போன வாரம் கொச்சிக்குப் போய்விட்டான்.

"இவங்களுக்கு செவ்வாய்க்கிழமை வலி கிடையாது," என்றார் டாக்டர். "குறிச்ச நேரமே இல்லையே."

பரமகுரு படிவத்தில் செவ்வாயை அடித்தார். ஓரத்தில், பிடிபடாதவர் என்று எழுதினார். அந்த மாவட்டத்தில் அப்படி எழுதப்பட்ட முதல் ஆள் அவள். பிறகு வேகமாகத் தீர்ப்பைச் சொன்னார். குற்றச்சாட்டு தள்ளுபடி. நோய் உண்மை. இருட்டறைச் சாவி ஒன்று அவளுக்கு, எந்நேரமும், செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை தவிர. அந்த நேரம் கண்காணிப்பு அவள் பொறுப்பு. ஏற்கெனவே ஒருமுறை எழுந்துபோனதால் கண்காணிப்பு அறை வெளியிலிருந்து பூட்டப்படும்.

"சரிதானேம்மா?"

"சரி சார்."

கேட்டது கிடைத்துவிட்டது. சாவியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கையெழுத்துப் போடக் குனிந்தபோது பெயருக்கு நடுவே இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. காகிதத்தைச் சற்று நகர்த்திப் பார்த்தாள். பார்வையில் விழுந்த ஓட்டையும் கூடவே நகர்ந்தது. அதன் விளிம்பு ரம்பப்பல் போல மினுங்கியது. இடது கை விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.

"சார், எனக்கு இப்ப வருது."

"இப்பவா? என்னம்மா, நான் எழுதுன மை காயக்கூட இல்ல." பரமகுரு எழுந்து நாற்காலியைத் தள்ளினார். அவர் காதுக்குப் பின்னால் வில்லை முதல் முறை அதிர்ந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று அர்த்தம். "சாவி வாங்குன கையோட ஆரம்பிச்சா யாரு நம்புவா?"

"நான் நம்புறேன்," என்றார் டாக்டர் ஹெலன். அவர் வில்லையும் அதிர்ந்தது. பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்தார். ஒரு கணம் அதை நீட்டுவார்போல இருந்தது. பிறகு தானே போட்டுக்கொண்டார். "நம்பி என்னம்மா செய்ய. எனக்கும் மூணு மணிக்கு."

"டாக்டர், பாதித் திரை தெரியாது. சிவப்பு எரிஞ்சா எனக்குத் தெரியாது."

"தலையத் தலையத் திருப்பிப் பாரு. தெரியற பாதியில வரும்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

சொரிமுத்து அவள் முழங்கையைப் பிடித்துக் கண்காணிப்பு அறைக்குக் கூட்டிப்போனார். அறுபது திரைகள். விளக்கை அணைக்க உள்ளே பொத்தான் கிடையாது. ஆள் தூங்கிவிடக் கூடாது என்று ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டார்கள். நாற்காலிப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"எக்கா, எடுக்கணும்னா இதுல எடுங்க. எந்திரிக்காதீங்க."

"எப்ப திறப்பீங்க அண்ணாச்சி?"

"நாலரை. எனக்கும் மூணுதான் எக்கா. நான் விழுந்துட்டா அதுக்கு முன்னாடி எந்திரிக்க முடியாது."

மேலிருந்து மூன்றாவது வரிசையில் ஏதோ நிறம் மாறியதுபோல் இருந்தது. அவள் தலையைத் திருப்பினாள். அங்கே மினுங்கல் மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

சொரிமுத்து வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. பூட்டு இரண்டு சுற்று சுற்றியது.