பூட்டிக்கொண்ட பக்கம்

“கார்டைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பும்மா!” என்றார் மேனேஜர்.

எதிரே நின்ற பெண் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவள் உதவிக்குப் போனில் அழைத்திருந்த துப்பறியும் ஜோடி, ஓர் அண்ணியும் அவளுடைய கொழுந்தனும், உள்ளே நுழைந்தார்கள். துப்பறிவது அண்ணியின் தொழில். அவளுக்குக் கார் ஓட்டுவது கொழுந்தனின் தொழில். கண்ணில் பட்டவரையெல்லாம் சந்தேகப்படுவது அவன் பொழுதுபோக்கு.

அது லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனம். வேலை முறைகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு தகவல் தளத்தில் இருந்தன. யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுப்பது அந்தப் பெண்ணின் வேலை. நேற்று ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணி. மீட்பு முறைப் பக்கத்தைத் திறக்கப்போன மெக்கானிக்குக்கு ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது திரை. அவளை வெளியே கொண்டுவருவதற்குள் எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

“நான் யாரோட அனுமதியையும் எடுக்கல மேடம். எனக்கே அந்தப் பக்கம் திறக்கல. இந்தக் கெட்ட பேரோட வெளிய போனா, வேற எவன் வேலை குடுப்பான்?”

“நடிப்பு! என் மெஷின்ல நல்லாத்தானே திறக்குது? பாருங்க.” மேனேஜர் திரையைத் திருப்பினார். நாலே சொற்களில் திரை நிரம்பியிருந்தது. ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் பருமன். மேஜையில் பணிநீக்க உத்தரவும் ஒரு டீக்கடை ரசீதும் கிடந்தன. உத்தரவில் அவர் கையெழுத்து, அச்செழுத்துகளின் மேல் ஏறி நின்றது.

கொழுந்தன் அண்ணியின் காதைக் கடித்தான். “பொண்ணு முழியே சரியில்ல அண்ணி.”

“நேத்து பால் காணோம்னதும் என்னையே சந்தேகப்பட்ட ஆளு நீங்க. சும்மா இருங்க தம்பி.” அண்ணி மேனேஜரிடம் திரும்பினாள். “சார், உங்க சொந்த ஃபோல்டரை யாரெல்லாம் பார்க்கலாம்?”

“நான் மட்டும்தான். இந்தப் பொண்ணுகூடப் பார்க்க முடியாது. அது என் உத்தரவு.”

“சமீபத்துல அதுல ஏதாவது போட்டீங்களா?”

“முந்தாநாள் பழைய பக்கங்களையெல்லாம் இழுத்துப் போட்டேன். அதுக்கென்ன?”

“பக்கம் எந்த ஃபோல்டருக்குள்ள போகுதோ, அந்த ஃபோல்டரோட அனுமதிதான் அதுக்கும். யாரும் எதையும் பூட்டல சார். எல்லாருக்கும் மூடின கதவு உங்களுக்கு மட்டும் திறக்குதுன்னா, அது உங்க வீட்டுக்குள்ள இருக்கு.”

அந்தப் பெண் குனிந்து திரையைப் பார்த்தாள். “ஆமா சார். பழைய மீட்பு முறைக்குப் பதிலா புதுசு உங்க ஃபோல்டருக்குள்ள வந்திருக்கு. பட்டியல்ல ரெண்டும் அடுத்தடுத்து இருக்கும்.”

“இதுகூடவா தெரியாம…” என்று ஆரம்பித்த கொழுந்தனின் காலை அண்ணி மிதித்தாள்.

மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று. “தப்பு என்னோடது. மன்னிச்சிடும்மா.” மேஜையில் துழாவிக் காகிதத்தை எடுத்து இரண்டாக, நான்காகக் கிழித்துப் போட்டார்.

தரையில் விழுந்தது டீக்கடை ரசீது. உத்தரவு மேஜையிலேயே இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் உத்தரவை எடுத்து அவர் கையில் வைத்தாள். “இது சார்…” பிறகு மெதுவாகக் கேட்டாள். “எப்ப இருந்து சார் கண்ணு இப்படி?”

அவர் காகிதத்தை விரலால் தடவினார்.

“வீட்லகூட இன்னும் சொல்லலம்மா.”