கைராசி இல்லாதவளின் பூங்கன்றுகள்

"ஐயோ... ஐயோ! ஆர் இதுகளை இராமுழுக்க வெளியிலை விட்டது?"

காலை ஏழு மணிக்கே ஞானம்மாவின் குரல் பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் கட்டடத்தின் முற்றத்தை எழுப்பிவிட்டது. முன்பக்கம் மூத்த மகன் குலசேகரத்தின் பலசரக்குக் கடை. பின்பக்கம் இரண்டு அறைகளில் இரண்டு மகன்மாரின் குடும்பமும் அவளும். இடையில் கிடந்த சின்ன முற்றத்தில் எட்டுத் தொட்டிகள், அவற்றில் இலையுதிர்ந்த குச்சிகள், குச்சிகளின் மேல் நவம்பர் மாதத்து வெண்பனி.

"நான்தான் மாமி," என்றாள் இளைய மருமகள் ஜெகதீஸ்வரி. "அதுகளுக்குக் குளிர் வேணும்."

"குளிர் வேணுமாம்! கேட்டியே சுகிர்தம்? வாயில்லாச் சீவனைப் பனியிலை நிக்க விட்டிட்டுக் கதைக்கிற கதையை... பெத்து வளத்தவளுக்கெண்டால் மனம் வருமோ?"

பிள்ளையில்லாதவளை எங்கே குத்த வேண்டும் என்று ஞானம்மாவுக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்திலும் இங்கேயுமாகப் பதினோரு வருடம் அதே இடத்தில்தான் குத்திக்கொண்டிருக்கிறாள். மூன்று பிள்ளைகளின் தாயான மூத்த மருமகள் சுகிர்தம், பாவம், தேநீரை ஆற்றத் தொடங்கினாள்.

ஆறு வருடமாக ஜெகதீஸ்வரிக்கு வேலை ஆர்ஜொந்தெய் புறநகருக்கு அப்பால் ஒரு நாற்றுப் பண்ணையில். அங்கே வளர்ப்பது பிவுவான் என்று பிரெஞ்சில் சொல்லும் பூச்செடி, அதிலும் மரமாக நிற்கும் ஜாதி. ஒரு பூ விரிந்தால் சோற்றுத் தட்டு அகலம் இருக்கும். இன்னொரு பிவுவானின் கிழங்கு வேரைக் கீறி, அதற்குள் இந்த மரஜாதியின் குச்சியைச் செருகிக் கட்ட வேண்டும். கத்தி கொஞ்சம் வழுக்கினால் விரல்தான். வீட்டில் இருந்த பன்னிரண்டு கன்றுகளும் மூன்று வருடத்துக்கு முன் அவள் தன் ஓய்வு நாட்களில் ஒட்டிக் கட்டியவை. தோட்டத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள், கடையில் வைக்கலாம் என்று அத்தான் குலசேகரத்தைக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்தவளும் அவளே.

ஞானம்மாவுக்குக் குச்சி என்றால் செத்த மரம். போன மாதம் பன்னிரண்டில் நான்கு தொட்டிகளைத் தூக்கி உள்ளே சூடு தரும் ராடியத்தருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவை பச்சைப்பசேலென்று துளிர்த்துவிட்டன! "பாத்தியளே என்ரை கைராசியை" என்று தெருவெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

ராசி! அந்தச் சொல்லைக் கேட்டால் ஜெகதீஸ்வரிக்குப் பொறுக்காது. நான்கு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் தந்த காகிதத்தில் குறை யாருக்கு என்று எழுதியிருந்தது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அன்று மெத்ரோவில் வரும்போது கணவன் இரத்தினம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியவேண்டாம்" என்று அழுதான். சரி என்றாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். பழி அவளோடு தங்கிவிட்டது.

பத்து மணிக்குக் கடைக்கு மர்கரீத் வந்தாள். புதுச்சேரிக்காரி, ஆர்ஜொந்தெயில் புது வீடு வாங்கியவள்.

"இதோ, பச்சையா இருக்கே, இதையே குடுங்க. அது என்னா, அடுப்பு விறகு மாதிரி!"

"பச்சையை விக்கமாட்டன், மதாம்," என்றாள் ஜெகதீஸ்வரி. ஞானம்மாவின் முகம் கறுத்தது. "சூட்டிலை வைச்சு முளைச்சது. உங்கடை தோட்டத்துப் பனி பட்டால் கருகிப்போம். இந்தக் குச்சியிலை சிவந்த மொட்டுகளைப் பாருங்கோ. சாகேல்லை, நித்திரை. ஒட்டின இடம் மண்ணுக்குள்ளை அரைச்சாண் தாழ இருக்கவேணும். காய்ஞ்சு போச்செண்டு ஒருத்தரையும் வெட்ட விடாதேங்கோ. ரெண்டு வருசம் பொறுக்கவேணும்."

மர்கரீத் சிரித்தாள். "புள்ளைய ஒப்படைக்கிற மாதிரில்ல சொல்றீங்க! உங்களுக்கு எத்தினி பேரு?"

ஜெகதீஸ்வரி குச்சி நின்ற தொட்டியைத் தூக்கினாள்.

"அவவுக்குப் பிள்ளை இல்லை," என்று ஞானம்மா எழுந்து வந்தாள். "புது வீட்டுக்குப் போற பூங்கண்டு... சுகிர்தம், இஞ்சை வா. நீ தூக்கிக் குடு. மூண்டு பெத்த கை."

சுகிர்தம் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினாள். ஜெகதீஸ்வரி தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"விடமாட்டன்."

"என்னடி?"

"விடமாட்டன், மாமி! வெட்டினது இந்தக் கை. கட்டினது இந்தக் கை. மூண்டு மாரி பாத்ததும் இந்தக் கைதான். வளக்க இந்தக் கை காணும், குடுக்க மட்டும் காணாதோ? அக்கா, நீங்கள் கோவியாதேங்கோ, உங்களிலை பிழையில்லை. ஆனா இண்டைக்கு ஆர் வந்தாலும் விடமாட்டன்!"

"பாத்தியே தம்பி!" ஞானம்மா இளைய மகனைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டாள். "உன்ரை வம்சத்தை அழிச்ச மலடி... ஆக்களுக்கு முன்னாலை என்னை எதிர்த்துக் கதைக்கிறாள்!"

இரத்தினம் கடை மூலையில் அரிசி மூட்டையைப் பிடித்தபடி நின்றான். ஜெகதீஸ்வரி அவனை நேராகப் பார்த்தாள்.

"நான் சொல்லமாட்டன். சொல்லமாட்டனெண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா இனி இதைச் சுமக்கவும் மாட்டன். பின்னேரம் நான் இந்த வீட்டிலை இருக்கிறதோ இல்லையோ எண்டு நீங்களே பாருங்கோ."

அவன் பிடித்திருந்த மூட்டை கைநழுவிச் சரிந்தது.

"அம்மா... குறை அவளிலை இல்லை. என்னிலை. டொக்டர் எழுதித் தந்தவர். நான்தான் அவளின்ரை வாயைக் கட்டினனான்..."

"என்ரை ராசா!" ஞானம்மா ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதினோரு வருடம் பழி சுமந்தவள் பக்கத்தில் நிற்க, முதல் அணைப்பு மகனுக்குத்தான் போனது. தாய் மனம், வேறென்ன! பிறகுதான் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த விரல்களில் கத்தி வெட்டிய தழும்புகளை அவள் கவனித்தது அன்றைக்குத்தான்.

"பிள்ளை... என்ரை வாய் அழுகிப்போகாதோ... ஏனடி நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

ஜெகதீஸ்வரிக்குக் கண்ணீர் வந்தது, அவள் துடைக்கவில்லை. தலையையும் குனியவில்லை.

"பிறகு கதைப்பம், மாமி. மதாம் காத்துக்கொண்டு நிக்கிறா."

தொட்டியை நீட்டினாள். மர்கரீத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னொண்ணும் வேணும்மா. பக்கத்து வீட்டுக்கு."

ஞானம்மா யாருக்கும் காத்திராமல் முற்றத்துக்குப் போனாள். பனி படிந்த தொட்டி ஒன்றைச் சேலையோடு அணைத்துத் தூக்கி வந்தாள். மர்கரீத் கை நீட்டினாள். ஞானம்மா கொடுக்கவில்லை. மருமகளிடம் போய் அவள் கையில் வைத்தாள்.

"நீ குடு."