கண்ணாடிக் கதவுக்குக் கீழே

சாலவாக்கத்துப் பெருமக்களுக்கும் சுற்றுவட்டார கிராமத்தாருக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் திருவாளர் சடையப்பன் அவர்கள், தமது சொந்தக் கையால், தமது குளியலறைக் கசிவை அடைப்பார்.

பந்தல் போடவில்லை, அவ்வளவுதான். கூரை வரை மங்கல் கண்ணாடி போட்ட ஷவர் அறை அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் உண்டு. கதவு உள்பக்கம் திறக்கும். கதவின் கீழே கிரானைட் படி. அந்தப் படியோரம் கசிந்த தண்ணீரில் வழுக்கித்தான் மனைவி வளர்மதியின் இடது கை முறிந்தது. இன்னொரு முறை விழுந்தால் இடுப்பு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மூன்று நாளாக யாரும் அங்கே குளிக்கவில்லை. கசிவு நிற்கவும் இல்லை.

வீட்டைக் கட்டிய கொத்தனார் பீட்டர் குனிந்து முகர்ந்தார்.

"ணா, இது ஷவர் தண்ணி இல்ல. பாசி நாத்தம் வருது. இங்க இருந்த கெணத்த மூடறப்ப, மூச்சு வுட ஒரு பைப்பு நட்டேனே, அது எங்க?"

"அறுத்துட்டுதான் டைல்ஸ் போட்டேன். மூச்சு வுட்றதுக்கு கெணத்துக்கு இன்னா, ஆஸ்துமாவா?"

பீட்டர் சிரிக்கவில்லை. "படிய மட்டும் அடைக்காதீங்கணா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சடையப்பன் ஷவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவுக்கும் படிக்கும் இடையே சிலிக்கான் பசையை வெள்ளைக் கோடாக இழுத்தார். பசையின் புளித்த வாடைக்கு அடியிலிருந்து பழம்பாசியும் ஊறிய கயிறும் துருவேறிய வாளியும் கலந்த ஒரு வாடை மெல்ல ஏறி வந்து தொண்டையில் தங்கியது. கோடு காய இருபது நிமிடம். அதுவரை கதவை அசைக்கக் கூடாது.

கோட்டில் ஒரு கொப்புளம் எழுந்தது. கோலிக்குண்டு அளவு. அடங்கியது. மறுபடி எழுந்தது. விரலால் அழுத்தினார். விரலை அது உள்ளே இழுத்தது.

உதறி விடுவித்துக்கொண்டு, அதன்மேல் இன்னும் தடிமனாகப் பூசினார்.

இப்போது தரையிலிருந்த வடிகால் சல்லடையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. தூங்கி எழுந்தவரின் மூச்சு. தண்ணீர் கணுக்காலைத் தொட்டது, மூச்சோடு இறங்கியது, அடுத்த மூச்சில் இன்னும் மேலே வந்தது.

"ஆச்சா?" வெளியிலிருந்து வளர்மதி.

திறந்தால் கோடு கெட்டுவிடும். அவள் சிரிப்பாள். பீட்டரிடமும் சொல்வாள்.

"கிட்ட வராத! காஞ்சிக்கினு கீது!"

முழங்கால்.

கைப்பிடியை இழுத்தார். கதவின்மேல் தண்ணீர் சாய்ந்து நின்றது. வரவில்லை. இடுப்பு. மேலே பார்த்தார். கூரை வரை கண்ணாடி.

மார்பு.

காலடியில் டைல்ஸ் உப்பியது. அடங்கியது. உப்பியது.

"வள..."

வாய்க்குள் பாசி.

மங்கல் கண்ணாடிக்கு அப்பால் வளர்மதியின் நிழல் குனிந்தது. நல்ல கையால் தரையைத் தடவியது. அவர் உள்ளங்கைகளைக் கண்ணாடியில் அறைந்தார். தண்ணீருக்குள் சத்தம் எழவில்லை. கைகள் வழுக்கி மேலும் கீழும் போயின.

"அட, கண்ணாடியும் தொடச்சிக்கினு கீறியா?" அவள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "தொட, தொட. நான் போயி ஒல வெக்கறேன்."

நிழல் போனது. கணுக்காலை ஏதோ பற்றியது.

கசிவு நின்றுவிட்டது.